சுவர் ஏறுற வண்டிக்குத்தான் என் வாதம்

நடுவர் அண்ணாச்சி அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பாளையங்கோட்டைப் பெருமக்களுக்கும் வணக்கம்.

1997-ல பிளேஸ்டேஷன் 1-ங்கிற வீடியோ கேம் கருவிக்கு வந்த 'கோஸ்ட் இன் தி ஷெல்' ஆட்டத்துக்கு உயிர் எது? நடுநடுவே வர்ற அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் காட்சியா, நாம ஓட்டுற ஃபுச்சிகோமா வண்டியா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர், "காட்சியெல்லாம் புரொடக்‌ஷன் ஐ.ஜி.ங்கிற ஜப்பான் அனிமேஷன் நிறுவனம் வரைஞ்சது, அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் சுடுற ஆட்டம்"னு சொன்னாக. வரைஞ்ச கை பெரிய கை, அதை நான் மறுக்கல. அந்த 'வெறும்'ங்கிற சொல்லைத்தான் ஒத்துக்க மாட்டேன்.

முதல்ல ஃபுச்சிகோமா யாருன்னு பார்ப்போம். மூலக்கதையான மசாமுனே ஷிரோவோட மங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், 1989-ல தொடங்கிச்சு. அதுல 9-ஆம் பிரிவுங்கிற போலீஸ் படைக்குச் சொந்தமான, சிலந்திக் கால் வச்ச, தானா யோசிச்சுப் பேசுற குட்டி டாங்கிங்க. அதை வச்சு 1995-ல வந்த படத்துல இதுல ஒண்ணு கூட கிடையாது. 2002-ல தொடங்கின தொலைக்காட்சித் தொடர்ல வந்தது டாச்சிகோமா. சாயல் ஒண்ணுதான், வண்டி வேற. கதாநாயகி மோட்டோகோ குசனாகியைப் பார்க்கணும்னா படம் இருக்கு, தொடர் இருக்கு. ஃபுச்சிகோமாவுக்குள்ள ஏறி உட்காரணும்னா இந்த ஆட்டத்துக்குத்தான் வரணும்.

உட்கார்ந்தா என்ன ஆகும்? நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை நினைச்சுக்கோங்க. நமக்கு அதுல ரெண்டு வழி: மேல்தட்டு, கீழ்த்தட்டு. ஃபுச்சிகோமாவுக்கு நாலு வழி. தூணுல செங்குத்தா ஏறலாம், தட்டோட அடிவயித்துல தலைகீழாவும் போகலாம். சுவர்ல ஏறுற அந்த நொடியைக் கவனிச்சுப் பாருங்க. தரையா இருந்த ரோடு முதுகுக்குப் பின்னால போய் நிக்கும். எதிர்க்கட்டிடத்துச் சுவர் நமக்கு விட்டம் ஆயிடும். அந்த விட்டத்துல இருந்து ஒருத்தன் நம்ம மேல சுடுவான்! மத்த ஆட்டத்துல முன்னால, பின்னால, பக்கவாட்டுல பார்த்தா போதும். இங்க வானம் எந்தப் பக்கம்னே ஒவ்வொரு மூலையிலயும் புதுசா கணக்குப் போடணும்.

புதுசா ஆடுறவங்க தோக்கிறது எதனால? முன்னால போற பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எதிரி வந்தா நின்னு திரும்புறாங்க. திரும்புற நேரத்துல அடி விழுது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ரத வீதி முக்குல திரும்புறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்லா? வடம் பிடிக்கிற பலம் மட்டும் போதாது, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறவர் கையிலதான் திருப்பமே இருக்கு. இந்த ஆட்டத்துல முன்னால போற பொத்தான் வடம். பக்கவாட்டு நகர்வுதான் கட்டை. எதிரியைப் பார்த்த முகம் மாறாம, பக்கவாட்டுலயே அவனைச் சுத்தி வரணும். மெஷின்கன் தோட்டாவுக்குப் பஞ்சம் கிடையாது, அதை விடாம அடிக்கலாம். குறிதேடிப் போற ஏவுகணையைச் சார்ஜ் ஏத்தி விட்டா ஒரே நேரத்துல 6 வரை பாயும். ஆனா கையெறி குண்டு எண்ணித்தான் கிடைக்கும், அதைப் பெரிய எதிரிக்குன்னு மிச்சம் பிடிக்கணும். ஏறும்போது வண்டி தெரியுற மூணாம் ஆள் பார்வை நல்லது. தூரத்துல குறி பார்க்க, உள்ள இருந்து பார்க்கிற பார்வை நல்லது. இதை 'வெறும் சுடுறது'ன்னு எப்படிச் சொல்ல?

படம் நடுங்குதே, சுவர் ஓவியம் நெளியுதேன்னும் கேட்டாக. நியாயமான கேள்வி. பிளேஸ்டேஷன் 1 ஆழத்தைக் கணக்குல எடுக்காம படத்தை முக்கோணத்து மேல ஒட்டும். அந்த முக்கோணத்தோட முனைப் புள்ளிகளையும் முழு எண்ணாத்தான் வைக்கும். அதனால கேமரா பக்கத்துல வர்ற பெரிய பரப்பு வளைஞ்சு நெளியும். சுவரோட ஒட்டியே ஓடுற ஆட்டத்துக்கு இதைவிடச் சோதனை வேற வேணுமா? 33 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 2 எம்பி ராம், இதுக்குள்ள எந்தப் பரப்புலயும் ஒட்டுற வண்டியை, இந்த ஆட்டத்தைச் செஞ்ச எக்ஸாக்ட் நிறுவனம் ஓட வச்சிருக்கு. குதிச்சு இறங்கும்போது கேமரா தானா கீழ பார்க்கிற 'ஜம்பிங் ஃப்ளாஷ்' ஆட்டத்தை 1995-லயே செஞ்சவங்க இவங்க. கால் எங்க படுதுன்னு ஆடுறவனுக்குக் காட்டுறதுல அவங்களுக்கு ஏற்கனவே பழக்கம் உண்டு.

எதிரணி போற்றுற காட்சிக்கு அதே கருவி என்ன செய்யுது? ரெட்டை வேக சிடி, நொடிக்கு 300 கேபிதான் படிக்கும். அதுக்குள்ள அடங்க, ஒவ்வொரு சட்டகத்தையும் கட்டங்கட்டமா வெட்டிச் சுருக்கணும். மெல்லிய கோட்டு ஓரமெல்லாம் பிசிறடிக்கும். வரைஞ்சவங்க உழைப்பு முழுசா கண்ணுக்கு வந்து சேரல, அதுல எனக்கும் வருத்தம்தான். வண்டி மட்டும் அந்தக் கருவியிலேயே பிறந்தது, அதுல முழுசா இருக்கு. தக்க்யூ இஷினோ, டெரிக் மே மாதிரி டெக்னோ கலைஞர்கள் கொடுத்த இசையும் வண்டி ஓடும்போதுதான் தாளம் போடுது.

ஆட்டம் சின்னது, 12 கட்டம், அதாவது 12 லெவல்தான்னு ஒரு குறை சொன்னாக. சின்னதுதான். கை பழகினவருக்கு ஒரு சாயங்காலம் போதும். ஆனா ரோடு வழியா முடிச்ச அதே கட்டத்தை மொட்டைமாடி வழியா முடிக்கலாம், மறுநாள் சுவரை விட்டு இறங்காமலே போய்ப் பார்க்கலாம். காட்சி மறுநாளும் அதே காட்சிதான்.

நடுவர் அண்ணாச்சி, தீர்ப்புக்கு முன்னால ஒண்ணு செய்யுங்க. சபையில இருந்து ரெண்டு பேரைக் கூப்பிடுங்க. ஒருத்தர் முதல் கட்டத்தை ஆடட்டும், இன்னொருத்தர் காட்சிகளை மட்டும் பார்க்கட்டும். "இன்னொரு தடவை"ன்னு எந்தப் பக்கம் கேக்காவன்னு பார்த்துட்டு எழுதுங்க. வணக்கம்.