விண்வெளியில் காபி ஆத்தினா எங்கே விழும்?

[திரையில்: ஒரு டம்ளர், ஒரு டபரா]

டம்ளரை உயரத் தூக்கி, ரெண்டடி கீழே இருக்கிற டபராவில காபியை ஆத்துறீங்க. ஒரு சொட்டு சிந்தல. அதே கை, அதே பழக்கம்தான், ஆனா இப்போ நிக்கிறது விண்வெளியில சுத்திக்கிட்டிருக்கிற ஒரு வளையத்துக்குள்ள. காபி நேரா டபராவில விழுமா? விழாது. அது எவ்வளவு தள்ளி விழுதுன்னு பார்த்தாலே, அந்த வளையத்தில மனுஷங்க குடியிருக்கலாமா வேண்டாமான்னு சொல்லிடலாம்.

வளையம் எதுக்குச் சுத்தணும்? சுருக்கமா முடிச்சிடறேன். எடையில்லாம மிதந்தா இடுப்பு, தொடை எலும்புகள் மாசத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தேயும். சர்வதேச விண்வெளி நிலையத்தில தினமும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல உடற்பயிற்சிக்கே ஒதுக்கி அதைச் சமாளிக்கிறாங்க. ஆறு மாசத்துக்கு அது போதும். அங்கேயே குழந்தை பிறந்து வளரணும்னா பத்தாது, காலுக்கு எடை வேணும். மரணக் கிணத்துல பைக் சுவரோட ஒட்டிக்கிட்டு ஓடுது இல்லையா? அதுல சுவரே சுத்துறதா நினைச்சுக்கோங்க. வளையத்தோட வெளிச்சுவர்தான் நமக்குத் தரை.

இப்போ ஒரு கணக்கு, நோட்டுல எழுதிக்கோங்க. பூமியில இருக்கிற அதே எடை வேணும்னா, நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிறதை வர்க்கமாக்கி, அதால 895-ஐ வகுங்க. வர்றதுதான் வளையத்தோட ஆரம், மீட்டர்ல. ஒரு சுத்துன்னா 895 மீட்டர். ரெண்டு சுத்துன்னா 224. நாலு சுத்துன்னா 56 போதும். "அப்போ வேகமாச் சுத்தவிட்டுச் சின்னதாவே கட்டிடலாமே, செலவு மிச்சம்"னு தோணும். அந்த ஆசையைக் கெடுக்கிறதுதான் நம்ம காபி.

டம்ளர் பிடிச்ச கை வளையத்தோட மையத்துக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கு, அதனால அது சின்ன வட்டத்தில போகுது. டபரா பிடிச்ச கை பெரிய வட்டத்தில, கூடுதல் வேகத்தில போகுது. டம்ளரை விட்ட காபிக்கு மேல்கையோட வேகம் மட்டும்தான் உண்டு. அது விழுந்துக்கிட்டிருக்கிற மூணில ஒரு பங்கு விநாடிக்குள்ள டபரா முன்னாடி நகர்ந்துடுது, காபி பின்தங்குது. 895 மீட்டர் வளையத்தில அது ஒண்ணரை சென்டிமீட்டர்தான், டபராவுக்குள்ளேயே விழுந்துடும். 224 மீட்டர்ல 3 சென்டிமீட்டர், விளிம்பை நெருங்கிடுச்சு. 56 மீட்டர்ல 6 சென்டிமீட்டர், அகலமான டபரா இல்லேன்னா காபி தரையில. 10 மீட்டர் ஆரத்தில ஒரு குட்டி வளையம் கட்டினா சுமார் 15 சென்டிமீட்டர்!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, எந்தத் திசை பார்த்து நிக்கிறோம்கிறதும் கணக்குதான். வளையம் சுத்துற திசையைப் பார்த்து நின்னு ஆத்தினா காபி உங்க சட்டை மேலயே வரும். எதிர்த்திசை பார்த்து நின்னா உங்களை விட்டு விலகிப் போகும். அச்சுக்கு, அதாவது வளையம் எதைச் சுத்திச் சுழலுதோ அந்த நடுக்கோட்டுக்கு, இணையாப் பார்த்து நின்னா பக்கவாட்டில போகும், டபராவை எப்பவும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளிப் பிடிச்சாப் போதும். ரெண்டு நாள்ல கை பழகிடும். அதனால அங்க வீடு கட்டுறவங்க சமையல் மேடையை எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணணும்.

காபி சிந்தினா துடைச்சுக்கலாம். தலை சுத்தினா? உள்காதில இருக்கிற மூணு அரைவட்டக் குழாய்கள்தான் தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்லுது. சுத்துற திசை பார்த்து நின்னு மேலும் கீழும் "ஆமாம்"னு தலையாட்டுங்க, ஒண்ணும் ஆகாது. ஏன்னா அந்த அசைவோட அச்சு வளையத்தோட அச்சுக்கு இணை. இடமும் வலமும் "இல்லை"னு ஆட்டினா, குழாயில இருக்கிற திரவம் குழம்பி உலகமே சாயுற மாதிரி இருக்கும். அச்சுக்கு இணையாப் பார்த்து நின்னீங்கன்னா "ஆமாம்" சொன்னாலும் குமட்டும், தோள் பக்கமாத் தலையைச் சாய்ச்சு நாம "சரி சரி"ன்னு ஆட்டுவோம் பாருங்க, அது மட்டும்தான் பத்திரம்!

ஃபுளோரிடாவில பென்சகோலா கடற்படை ஆய்வகத்தில, 1960-கள்லயே சுழலும் அறைக்குள்ள ஆட்களை நாள்கணக்கில தங்கவெச்சுப் பார்த்தாங்க. நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னா எளிதில குமட்டல் வர்றவங்களுக்கும் தொந்தரவு இல்லை. மூணு சுத்துக்குக் கொஞ்சம் சிரமம், ஆனா வேலை நடந்தது. பத்து சுத்துக்கு விமானிகளே 12 நாள்லயும் முழுசாப் பழகல. அதனால என் கட்சி இதுதான்: குடும்பத்தோட குடியிருக்கணும்னா ரெண்டு சுத்துக்கு மேல போகாதீங்க.

1975-ல நாசா ஏம்ஸ் மையத்தில நடந்த கோடைக்கால ஆய்வு, 10,000 பேருக்கு வரைஞ்ச 'ஸ்டான்ஃபோர்டு டோரஸ்' வளையம் நிமிஷத்துக்கு ஒரே ஒரு சுத்துதான்.

ஏன் வளையம், நீளமான உருளை ஆகாதா? 1958-ல அமெரிக்கா ஏவின எக்ஸ்ப்ளோரர் 1, பென்சில் மாதிரி நீள அச்சில சுத்தணும்னு அனுப்பினது. சில மணி நேரத்தில குட்டிக்கரணம் போட ஆரம்பிச்சிடுச்சு. அதோட வளையுற ஆன்டெனாக்கள் ஆடி ஆடி ஆற்றலைக் கரைச்சதுதான் காரணம். ஆற்றல் கரையக் கரைய, எந்தப் பொருளும் தட்டு மாதிரிச் சுத்துற நிலைக்குத்தான் போய்ச் சேரும். ஊருக்குள்ள தண்ணி தளும்பும், ஜனங்க நடப்பாங்க, ஆற்றல் கரைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். வளையம் ஏற்கெனவே தட்டுதான், அதனால கவிழாது.

காத்து, சாப்பாடு, தண்ணி மறுசுழற்சிக்குத் தனி வீடியோவே வேணும்.

கடைசியா, எல்லாத்தையும் விடப் பெரிய செலவு: கதிர்வீச்சு. பூமியோட காந்தப்புலத்துக்கு வெளியே, காஸ்மிக் கதிரைத் தடுக்க ஸ்டான்ஃபோர்டு டோரஸ் வடிவமைப்பில ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாலரை டன் மண் வெச்சாங்க. மொத்தம் கிட்டத்தட்ட ஒரு கோடி டன்! தடவைக்கு 100 டன் தூக்குற ராக்கெட்டா இருந்தாலும் ஒரு லட்சம் தடவை ஏவணும். அதனாலதான் நிலா மண்ணுன்னு முடிவு பண்ணாங்க: பூமியை விட்டு வெளியேற விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேணும், நிலாவுக்கு 2.4 போதும். இன்னொண்ணு, இவ்வளவு மண்ணையும் சேர்த்துச் சுத்தவிட்டா வளையம் அந்த இழுவை தாங்காது. அதனால மண் கவசம் சுத்தாம அப்படியே நிக்கும், ஊர் மட்டும் அதுக்குள்ள சுத்தும். நடுவில சின்ன இடைவெளி, ஊர்ல இருந்து பார்த்தா அதுக்கு அந்தப் பக்கம் கவசம் மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில உரசாம கடந்து போய்க்கிட்டே இருக்கும்.

[திரையில்: ஓடும் உருவம், இரு பக்கமும் அம்புக்குறி]

உங்களுக்கு ஒரு கேள்வி. 56 மீட்டர் வளையத்தில சுத்துற திசையில விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில ஓடினா, 60 கிலோ ஆள் 88 கிலோ மாதிரி உணர்வார். எதிர்த்திசையில ஓடினா எவ்வளவு? கணக்குப் போட்டுக் கமெண்ட்ல எழுதுங்க. தரையோட வேகம் விநாடிக்கு 23.5 மீட்டர்.