சம்பளத்துக்குப் பணமில்லாத பணக்கார நாடு: குவைத்தின் இரண்டு கணக்குகள்

அவையோருக்கு வணக்கம்.

2020 ஆகஸ்டில் குவைத்தின் நிதியமைச்சர் பராக் அல் ஷீத்தான் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். ரொக்கக் கையிருப்பு 200 கோடி தினார். மாதம் 170 கோடி எடுத்துக்கொண்டிருக்கிறோம். அக்டோபருக்குப் பிறகு சம்பளத்துக்குக் காணாது. சொன்னது உலகின் மிகப் பெரிய முதலீட்டு நிதிகளில் ஒன்றை வைத்திருக்கும் நாடு! ஆனாலும் அமைச்சர் சொன்னது பொய்யில்லை.

குவைத்திடம் இரண்டு உண்டியல்கள் உண்டு. எண்ணெய் விற்ற பணம் விழுவதும் சம்பளம், மானியம் போவதும் பொது ஒதுக்கு நிதியில். மற்றொன்று, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வருங்காலத் தலைமுறையினர் நிதி. ஆண்டு வருவாயில் 10 சதவீதம் அதற்குப் போயாக வேண்டும். பற்றாக்குறை விழுந்த ஆண்டிலும் போயாக வேண்டும் என்பதுதான் வேடிக்கை. உபரி இருந்தால் மட்டும் போட்டால் போதும் என்று 2020-இல்தான் திருத்தினார்கள். சட்டம் இயற்றாமல் அதிலிருந்து எடுக்க வழியில்லை. கடன் வாங்கலாமென்றால், கடன் சட்டம் 2017 அக்டோபரிலேயே காலாவதியாகிவிட்டது; நாடாளுமன்றம் புதுப்பிக்க மறுத்தது. கடைசியில் பொது ஒதுக்கு நிதி தன் சொத்துகளை மற்ற நிதிக்கு மாற்றிக் கொடுத்து ரொக்கம் வாங்கியது. அண்ணன் நகையைத் தம்பிக்கு விற்றுச் சமையல் செலவைப் பார்த்த கதை. குடும்பச் சொத்தில் ஒரு குண்டுமணி குறையவில்லை.

இனி வரவுசெலவுத் திட்டத்துக்கு வருவோம். குவைத்தின் நிதியாண்டு நம்முடையதைப் போலவே ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2025-26 திட்டத்தில் வரவு சுமார் 1,820 கோடி தினார், செலவு 2,450 கோடி, பற்றாக்குறை 630 கோடி. எண்ணெய் விலையை பீப்பாய்க்கு 68 டாலர் என்று வைத்தார்கள். கணக்கு நேராக 90.5 டாலர் வேண்டும் என்றார்கள்.

இதை நாமே சரிபார்க்கலாம். நாளைக்கு 25 லட்சம் பீப்பாய் என்றால் ஆண்டுக்கு 91.25 கோடி பீப்பாய். விலை ஒரு டாலர் ஏறினால் வரவில் 91.25 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய 28 கோடி தினார் கூடும். 90.5-க்கும் 68-க்கும் இடைவெளி 22.5 டாலர். 28-ஐ 22.5-ஆல் பெருக்குங்கள்: 630 கோடி. பற்றாக்குறை அச்சாக வந்துவிட்டது. எண்ணெய் விலைச் செய்தியைப் பார்க்கும்போது இந்த 28 கோடியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். திட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். வெளிநாட்டு முதலீடுகளின் வருமானம் இந்த வரவில் சேராது. நிதியிலேயே மறுபடி முதலீடாகிவிடும். எவ்வளவு என்று பொதுவெளியில் சொல்லவும் கூடாது: இந்த இரண்டு நிதிகளையும் நிர்வகிக்கும் குவைத் முதலீட்டு ஆணையத்தை நிறுவிய 1982-ஆம் ஆண்டின் 47-ஆம் சட்டம் அதைத் தடுக்கிறது. நாட்டின் இரண்டாவது பெரிய வருமானத்தை ஒளித்துவைத்துவிட்டுப் பற்றாக்குறை என்று பேசுவது மக்களைக் குழப்புவதுதான்.

அந்த வருமானம் நாடு வெளிநாடுகளோடு வைத்திருக்கும் வரவுசெலவான நடப்புக் கணக்கில் தலைகாட்டும். அதை நான்கு வரிசைகளாகப் படியுங்கள். சரக்கு: எண்ணெயால் பெரிய உபரி. சேவை: குவைத்தியர்களின் வெளிநாட்டுப் பயணச் செலவால் பற்று. முதன்மை வருமானம்: வட்டி, ஈவுத்தொகை, பெரிய வரவு. இரண்டாம் நிலை வருமானம், அதாவது பதிலுக்கு எதுவும் வாங்காமல் அனுப்பும் பணமாற்றல்: பெரிய பற்று. குவைத்தின் ஃபர்வானியாவில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் 100 தினார் கட்டித் திருச்சிக்கு அனுப்பினால், அது ஏறுவது இந்த நான்காவது வரிசையில். ஓராண்டுக்கு மேல் தங்குபவர் அந்நாட்டுவாசி என்றே கணக்கில் கொள்ளப்படுவதால், இது சம்பள வரிசையில் வராது, மாற்றல் வரிசையில் வரும். இத்தனை பற்றுக்குப் பிறகும் மொத்தம் உபரியில் நிற்கிறது. 2020-21-இல் அரசின் திட்டத்தில் வரலாறு காணாத 1,080 கோடி தினார் பற்றாக்குறை விழுந்தபோதும் நடப்புக் கணக்கு உபரியில்தான் இருந்தது. ஆகவே அரசின் கணக்கு சமனாகும் எண்ணெய் விலை வேறு, நாட்டின் கணக்கு சமனாகும் விலை வேறு. பின்னது வெகு கீழே கிடக்கிறது.

பற்றாக்குறை இருந்தும் தினார் ஏன் சரியவில்லை? 2007 மே முதல் அதன் மதிப்பு ஒரு நாணயக் கூடையோடு, அதாவது பல வெளிநாட்டு நாணயங்களின் கலவையோடு, கட்டப்பட்டிருக்கிறது. கூடையில் எது எவ்வளவு என்பதை வெளியிடுவதில்லை. அரசு உள்ளூரில் செலவழிக்க, டாலரை மத்திய வங்கியிடம் கொடுத்துத் தினார் வாங்குகிறது. அந்த டாலரே வங்கிகள் வழியாக அரிசிக்கும் காருக்கும் போகிறது. எண்ணெய் டாலர் குறைந்தால் வெளிநாட்டுச் சொத்தை விற்று வந்த டாலர் அந்த இடத்தை நிரப்பும். மதிப்பைக் குறைத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தினாரில் எண்ணெய் வரவு பெருத்துத் தெரியும், அவ்வளவுதான். எண்ணெய் விற்பது டாலரில். வேறு ஏற்றுமதியோ சொற்பம். உணவு அநேகமாக முழுக்க இறக்குமதி. கடைவிலைதான் ஏறும்.

2025 மார்ச்சில் புதிய கடன் சட்டம் வந்தது: உச்சவரம்பு 3,000 கோடி தினார், தவணை 50 ஆண்டுவரை. இனிமேல் நடப்புக் கணக்கின் மூன்றாவது வரிசையான முதன்மை வருமானத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டாருக்குத் தரும் வட்டி அங்கே பற்று. விற்காமல் காத்த சொத்தின் வருமானம் அங்கேயே வரவு. வட்டி அந்த வருமானத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை கடன் வாங்குவது லாபம். ஆனால் வட்டி இன்னதென்று பத்திரம் வெளியிடும் நாளிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். வருமானத்தைத்தான் சட்டம் மூடிவைத்திருக்கிறது.