பன்னீரும் கப்பல் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். வடித்தெடுத்த நீரைவிடச் சுத்தமான நீர் இல்லை என்று பல ஆண்டுகள் வகுப்பில் வேதியியல் நடத்தியவன் நான். அந்தப் பாடத்தை எனக்குத் திருத்தியவர்கள் வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க மாலுமிகள்.

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் வியட்நாம் காடுகளின் மேல் களைக்கொல்லி தெளித்தன. பீப்பாயில் ஆரஞ்சுப் பட்டை போட்டிருந்ததால் அதில் ஒன்றுக்கு 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்று பெயர். அதில் கலந்திருந்த டையாக்சின் பொல்லாத நஞ்சு. ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து நோய் வந்தால், எந்த நாளில், எந்த மரத்தடியில் நஞ்சு ஏறியதென்று யாரால் நிரூபிக்க முடியும்? 1991இல் வந்த சட்டம் அந்தச் சுமையை இறக்கி வைத்தது. வியட்நாமில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும், ஈட்டுத்தொகை உண்டு. சர்க்கரை நோயும் 2001இல் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் 2002இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் நல இலாகா ஒரு கோடு கிழித்தது: வியட்நாம் மண்ணில் கால் பட்டிருக்க வேண்டும். கடலிலேயே நின்ற கப்பல்காரர்களுக்கு ஒன்றுமில்லை.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கப்பலில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் குடிப்பார்கள். உப்பு அடியில் தங்கிவிடும். ஆற்றோடு வந்து கடலில் கலந்த டையாக்சினோ ஆவியோடு ஏறி, வடிநீரில் முன்னைவிடச் செறிவாக இறங்கியது. ரோஜா இதழைக் கொதிக்கவைத்துப் பன்னீர் எடுக்கிறோமே, மணம் ஆவியோடுதானே வருகிறது? பன்னீர் வடிப்பவருக்குத் தெரிந்தது எனக்கு உறைக்கவில்லை!

2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இலாகாவின் பக்கமே நின்றது. 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம், முழு அமர்வாகக் கூடி, அந்தத் தீர்ப்பை மாற்றியது. அவ்வாண்டே சட்டமும் வந்தது: வியட்நாம் கரையோரமாகச் சட்டம் வரையறுத்த கோட்டிலிருந்து 12 கடல் மைலுக்குள் கப்பல் இருந்திருந்தால் போதும். இடையில் போன ஆண்டுகளில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.

இப்போது சான்று கப்பலின் தினப்பதிவேட்டில் இருக்கிறது. காலை எட்டு, நண்பகல், இரவு எட்டு என மூன்று வேளையும் அட்சரேகை, தீர்க்கரேகை குறித்து வைப்பது வழக்கம். ஐம்பதாண்டுகளுக்கு முன் பணிமுறையில் நின்ற ஏதோ ஓர் இளம் அதிகாரி எழுதிய அந்த எண்களை இலாகா வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறது. அந்த 12 மைல் எல்லைக்கு உள்ளே விழுகிறதா, வெளியேயா என்று.

நன்றி, வணக்கம்.