எப்போதிலிருந்து? மனநலப் பாடத் தேர்வுக்கு ஒரு கேள்வி

(திரையில்: செம்பனைத் தோட்டத்து மண் சாலை, பிறகு சுங்கை சிப்புட் டவுன்)

வணக்கம் தம்பி, தங்கச்சிகளே. சைக்கியாட்ரி போஸ்டிங் (மனநலப் பிரிவுப் பயிற்சி) முடித்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கான வீடியோ இது. பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். உங்களில் பலருக்கு லோங் கேஸாக, அதாவது தேர்வில் விரிவாக விசாரிக்க வேண்டிய நோயாளியாக, வரப்போகிறவர் இப்படி ஒரு தோட்டத்து ஊர்க்காரராக இருக்கலாம்.

அறிகுறிகளை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மார்க் போவது காலக்கணக்கில். அறிகுறி அப்படியே இருக்கும், நாள் கூடினால் நோயின் பெயர் மாறிவிடும். அதனால் இன்றைக்கு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்வோம்: "எப்போதிலிருந்து?"

முதலில் ஒரு கேஸ். கால் எலும்பு முறிந்து வார்டில் சேர்ந்த 50 வயது செம்பனைத் தொழிலாளி. சேர்ந்த அன்று நன்றாகத்தான் பேசினார். மூன்றாம் நாள் இரவு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டித் தட்டிவிடுகிறார். செத்துப்போன அண்ணன் கட்டில் பக்கத்தில் நிற்கிறாராம். "காத்து கருப்பு பட்டிருக்கு டாக்டர்" என்கிறார் மனைவி.

இதை ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) என்று எழுதினால் மார்க் போச்சு. 50 வயதில், இரண்டு மூன்று நாளில், கண்ணுக்கு உருவங்கள் தெரிந்து, சுயநினைவு ஏறி இறங்கி இருந்தால் முதலில் டெலிரியம்தான், அதாவது உடல் கோளாறால் வரும் திடீர்க் குழப்பம். உடம்பில் காரணம் தேடுங்கள். மனைவியிடம் கேட்க வேண்டியது: "அக்கா, உங்க வீட்டுக்காரர் கடைசியா எப்போ குடிச்சாரு?"

தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், 6 மணி நேரம் போல ஆனதும் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். டெலிரியம் ட்ரெமென்ஸ் 48 முதல் 96 மணி நேரத்தில். நம்ம ஆள் சரியாக அந்த நேரத்தில்தான் இருக்கிறார். கொடுக்க வேண்டியது பென்சோடயசெபின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து, கூடவே ஊசியாகத் தயமின் (வைட்டமின் பி1). குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் என்று எழுதுங்கள், பரிசோதகர் அதைத்தான் தேடுவார். குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாட்டம் இந்த மூன்றும் தயமின் குறைவால் மூளைக்கு வரும் வெர்னிக்கே நோய். மூன்றும் சேர்ந்து வருவது குறைவு, ஒன்று இருந்தாலே சந்தேகப்படுங்கள். விட்டுவிட்டால் கோர்சகாஃப் என்ற ஞாபகமறதி நோய் வரும். அதில் போன நினைவு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது.

(திரையில்: நாட்காட்டி. தீபாவளி, தைப்பூசம் வட்டமிடப்பட்டிருக்கின்றன)

சரி, சைக்கோசிஸுக்கு வருவோம், அதாவது இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது போன்ற நிலை. டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டின் கணக்குப்படி 1 மாதத்துக்குள் முழுதாகச் சரியானால் பிரீஃப் சைக்கோட்டிக் டிஸ்ஆர்டர். 1 முதல் 6 மாதம் வரை ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம். 6 மாதம் தாண்டினால் ஸ்கிசோஃப்ரீனியா. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.யில் ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு 1 மாதமே போதும். எந்த முறைப்படி சொல்கிறீர்கள் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் எந்த அம்மாவும் "ஆறு மாதமாக" என்று சொல்ல மாட்டார். "கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கான்" என்பார். அந்தக் கொஞ்ச நாள் 2 வாரமாகவும் இருக்கும், 2 வருடமாகவும் இருக்கும். "தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டானா? தைப்பூசத்துக்கு எல்லோரோடும் கோயிலுக்கு வந்தானா? வேலையை எப்போ விட்டான்?" என்று கேளுங்கள், தேதி தானாக வந்துவிடும். நம்ம ஊரில் இன்னொரு தடையும் உண்டு. பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை மிரட்டி வளர்த்திருக்கிறோம். அதனால் குடும்பத்தார் ஆரம்பத்தை மறைப்பார்கள். கோபப்படாமல் மறுபடி கேளுங்கள்.

திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவரை சைக்கோசிஸ் என்று எழுதிவிடாதீர்கள். அவருடைய சமூகமே ஏற்றுக்கொண்ட நம்பிக்கை மனமருட்சி ஆகாது. திருவிழா முடிந்ததும் அவர் வழக்கம்போல வேலைக்குப் போய்விடுகிறார். திருவிழா முடிந்தும் குரல் கேட்டு, வேலைக்கும் போகாமல், குளிக்காமல் இருப்பவர்தான் நமக்குக் கவலை.

மனச்சோர்வுக்கு 2 வாரம், 9 அறிகுறியில் 5. அதில் ஒன்று சோகமாகவோ ஆர்வம் இழப்பதாகவோ இருந்தே தீர வேண்டும். தோட்டத்து அம்மாக்கள் "சோகம்" என்று சொல்வது அரிது. உடம்பு வலி, தூக்கம் இல்லை, நெஞ்சு கனம் என்றுதான் வருவார்கள். எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற மனச்சோர்வு மருந்தை எழுதும் முன் பழைய மேனியாவை (அளவு மீறிய உற்சாக நிலையை) கேளுங்கள்: 7 நாள் என்றால் மேனியா, 4 நாள் என்றால் அதைவிட லேசான ஹைப்போமேனியா. வார்டில் சேர்க்கும் அளவுக்குப் போயிருந்தால் நாள் கணக்கே வேண்டாம், மேனியாதான்.

மருந்துகளில் நான் அதிகம் கவலைப்படுவது லித்தியம் பற்றி. மேனியாவுக்கு அது உதவும் என்று 1949இல் எழுதியவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். போர்க்காலத்தில் சிங்கப்பூர் சாங்கியில் கைதியாக இருந்தவர். லித்தியத்தின் இரத்த அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். 1.5 தாண்டினால் ஆபத்து: வாந்தி, வயிற்றுப்போக்கு, பெரிய நடுக்கம், தள்ளாட்டம், குழறும் பேச்சு. வெயிலில் குலை வெட்டி வியர்த்துக் கொட்டுகிறவர், முதுகு வலிக்கு இபுபுரோஃபென் வாங்கிப் போட்டால் அளவு ஏறிவிடும். தையசைடு என்ற சிறுநீர் பெருக்கி மருந்தும் அப்படித்தான். இதை நோயாளியிடம் சொல்லி அனுப்புவதும் சிகிச்சைதான்.

ஸ்கிசோஃப்ரீனியா மருந்தான க்ளோசபைன் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை, வெள்ளணுவுக்காக. மலச்சிக்கலையும் கேளுங்கள், அதனாலும் உயிர் போகலாம்.

காய்ச்சலும் விறைப்புமாக ஒருவர் வந்தாலும் இதே கேள்விதான். சைக்கோசிஸ் மருந்து தொடங்கி நாட்கள் கழித்து, ஈயக்குழாய் போல விறைத்து, தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. இரத்தத்தில் ஏறியிருந்தால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. போன்ற மருந்தால் சில மணி நேரத்தில் வந்து, காலில் க்ளோனஸ் (தசை விடாமல் துடிப்பது) இருந்தால் செரோடோனின் சிண்ட்ரோம். இரண்டிலும் முதல் வேலை மருந்தை நிறுத்துவது.

கடைசியாக, தற்கொலை எண்ணம். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அப்படி ஆகாது. நேராகக் கேளுங்கள்: இந்த வாரம் அந்த எண்ணம் வந்ததா, நேற்று, இன்று? வீட்டில் களைக்கொல்லி, மிச்ச மாத்திரைகள் இருந்தால் அகற்றிவிடும்படி குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். மலேசியாவில் தற்கொலை முயற்சி குற்றம் என்றிருந்த 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய நோட்ஸில் இருப்பதை எழுதாதீர்கள். போலீஸ் வரும் என்று நம்பி வாய் திறக்காத நோயாளிகள் இன்னும் இருக்கிறார்கள். "ஐயா, இதுக்கெல்லாம் போலீஸ் வராது, எங்கிட்ட சொல்லுங்க" என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.