ஆர்மேனிய இனப்படுகொலை: ஒரு சொல்லைச் சொல்ல அமெரிக்கா எடுத்துக்கொண்ட 40 ஆண்டுகள்

[திரையில்: 1915ஆம் ஆண்டின் ஒட்டோமான் பேரரசு வரைபடம்]

1915 ஏப்ரல் 24 அன்று ஒட்டோமான் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மேனிய எழுத்தாளர்கள், மருத்துவர்கள், மதகுருமார்கள், அரசியல் தலைவர்கள் என நூற்றுக்கணக்கானோரை, பேரரசை அப்போது ஆண்டுவந்த இளந்துருக்கியர் இயக்கத்தின் அரசு கைது செய்தது. அடுத்து வந்த மாதங்களில் அனதோலியாவின் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) ஆர்மேனியக் குடும்பங்கள் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டு, சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டன. ஆண்களில் பலர் புறப்படும் முன்பே கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் வழியில் தாக்குதலுக்கும் பசிக்கும் நோய்க்கும் பலியாயினர். இறந்தவர்களின் எண்ணிக்கையை 6 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை பலவாறாகக் கணிக்கின்றனர்.

இவற்றையெல்லாம் நடக்கும்போதே வாஷிங்டன் அறிந்திருந்தது. அன்றைய அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கெந்தாவ், ஓர் இனத்தையே அழிக்கும் முயற்சி நடைபெறுகிறது என்று 1915 ஜூலையிலேயே தந்தி அனுப்பிவிட்டார். ஆயினும் இதை இனப்படுகொலை என்று ஓர் அமெரிக்க அதிபர் ஏப்ரல் 24 நினைவு நாள் அறிக்கையில் வெளிப்படையாகக் கூற 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒட்டோமான் பேரரசின் வழிவந்த துருக்கியின் வாதத்தை முதலில் பார்த்துவிடுவோம். பெருந்தொகையான ஆர்மேனியர்கள் இறந்ததை அங்காரா மறுக்கவில்லை. அது உலகப் போர்க்காலம், ரஷ்யப் படையோடு சேர்ந்து ஆர்மேனியர் சிலர் ஆயுதம் ஏந்தினர், இடமாற்றம் பாதுகாப்பு நடவடிக்கையாகவே எடுக்கப்பட்டது, அழிக்கும் நோக்கம் இருக்கவில்லை என்பதே அதன் நிலைப்பாடு. ஆனால் போர் முடிந்த கையோடு, 1919இல், ஒட்டோமான் அரசின் சொந்த இராணுவ நீதிமன்றமே இளந்துருக்கியர் அரசின் முதன்மைத் தலைவர்களான தலாத், என்வர், ஜெமால் ஆகியோருக்கு அவர்கள் இல்லாத நிலையிலேயே மரண தண்டனை விதித்தது என்பதை இந்த வாதம் வசதியாகக் கடந்துவிடுகிறது. இழப்பீட்டுக் கோரிக்கையும் பறிமுதலான சொத்துகள் பற்றிய கேள்வியும் எழும் என்ற அச்சம் ஒருபுறம் இருக்க, குடியரசை நிறுவியவர்களில் பலர் இளந்துருக்கியர் இயக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால், இந்த ஒப்புதல் நாட்டின் பிறப்புக் கதையையே தொட்டுவிடும் என்பதும் அங்காராவுக்குத் தெரியும்.

[திரையில்: அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம்]

அமெரிக்காவுக்கு வருவோம். 1981 ஏப்ரலில், யூத இன அழிப்பு நினைவு நாட்களுக்கான பிரகடனம் ஒன்றில், அதிபர் ரொனால்டு ரீகன் ஆர்மேனிய இனப்படுகொலையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். அது போகிற போக்கில் வந்த ஒரு குறிப்புதான். அதன் பிறகு அவருடைய அரசே அச்சொல்லைத் தவிர்த்தது. 2000ஆம் ஆண்டில் பிரதிநிதிகள் அவையில் வாக்கெடுப்புக்குத் தயாராக இருந்த அங்கீகாரத் தீர்மானம், அதிபர் கிளின்டன் அவைத்தலைவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பின் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. ஈராக்கின் வான்வெளியைக் கண்காணித்த அமெரிக்க விமானங்கள் அப்போது துருக்கியின் இன்ஜிர்லிக் தளத்திலிருந்தே பறந்துகொண்டிருந்தன.

2007இல் அதே நாடகம் இன்னும் வெளிப்படையாக நடந்தது. அவையின் வெளியுறவுக் குழு 27-க்கு 21 என்ற கணக்கில் தீர்மானத்தை ஏற்றது. முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் எட்டுப் பேர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதியிருந்தனர். ஈராக்கிலுள்ள படைகளுக்கான விமானச் சரக்கில் ஏறத்தாழ 70 சதவீதம் துருக்கி வழியாகச் செல்வதாகப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் நினைவூட்டினார். தீர்மானத்தில் பெயர் கொடுத்திருந்த உறுப்பினர்கள் பலர் ஒவ்வொருவராக விலகினர். 1915இல் என்ன நடந்தது என்பது பற்றிய விவாதமாக இது ஒரு கட்டத்திலும் இருக்கவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. வேட்பாளராக இருந்தபோது அங்கீகரிப்பதாக வாக்களித்த ஒபாமாவும், பதவியிலிருந்த எட்டு ஆண்டுகளும் ‘மெட்ஸ் எகெர்ன்’ (பெரும் பேரழிவு) என்ற ஆர்மேனிய மொழித் தொடரின் பின்னால் நின்றுகொண்டார்.

பிறகு மாறியது ஆவணம் அன்று, துருக்கியின் மதிப்பு. அது ரஷ்யாவிடம் எஸ்-400 ஏவுகணைகளை வாங்கியது. அதனால் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 2019 அக்டோபரில், அமெரிக்காவின் கூட்டாளிகளான குர்து படைகள் மீது வடக்குச் சிரியாவில் துருக்கி தாக்குதல் தொடுத்தது. அதே மாதம் 29ஆம் தேதி, துருக்கியின் குடியரசு தினத்தன்று, பிரதிநிதிகள் அவை 405-க்கு 11 என்ற பெரும்பான்மையில் தீர்மானத்தை நிறைவேற்றியது. செனட் அவையில் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மூன்று முறை தடுத்தனர். அவர்களில் லிண்ட்சி கிரகாம் தடுத்தது, வெள்ளை மாளிகையில் துருக்கி அதிபர் எர்தோகனைச் சந்தித்த அதே நாளில். இறுதியில் டிசம்பர் 12 அன்று எதிர்ப்பின்றி அதுவும் நிறைவேறியது. 2021 ஏப்ரல் 24 அன்று பைடன் இனப்படுகொலை என்றே அறிவித்தபோது, பழி சுமத்துவது நோக்கமன்று என்றும் சேர்த்துக்கொண்டார். துருக்கி அமெரிக்கத் தூதரை அழைத்துக் கண்டித்தது. ஆண்டுக்கணக்காக அஞ்சப்பட்டதுபோல் எந்தத் தளமும் மூடப்படவில்லை.

மற்ற நாடுகளிலும் இதே கணக்கைக் காணலாம். துருக்கியுடன் இழப்பதற்கு அதிகம் இல்லாத உருகுவே 1965இலேயே முதல் நாடாக அங்கீகரித்தது. ஆர்மேனியர்கள் ஓட்டிச் செல்லப்பட்ட பாலைவனத்தையே தன் எல்லைக்குள் கொண்ட சிரியாவின் நாடாளுமன்றமோ, வடமேற்குச் சிரியாவின் இத்லிபில் துருக்கியப் படையுடன் மோதிக்கொண்டிருந்த 2020 பிப்ரவரியில்தான் அங்கீகரித்தது.

ஜெர்மனி சற்று வேறானது. முதல் உலகப் போரில் ஒட்டோமான் பேரரசின் கூட்டாளியாக இருந்து, நடப்பதை அறிந்தும் தடுக்காத ஜெர்மானியப் பேரரசின் பங்கையும் 2016 ஜூன் 2ஆம் தேதித் தீர்மானம் ஒப்புக்கொண்டது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. ஆனால் அகதிகள் தொடர்பாகத் துருக்கியுடன் அவ்வாண்டு மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பெரிதும் உழைத்த அன்றைய ஜெர்மானியப் பிரதமர் மெர்கல் வாக்கெடுப்புக்கு வரவில்லை. இன்ஜிர்லிக் தளத்திலிருந்த தம் வீரர்களைப் பார்க்க ஜெர்மானிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தீர்மானம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று சில மாதங்களில் ஜெர்மானிய அரசு விளக்கமளித்தது. அனுமதித் தகராறு மீண்டும் மூண்டதால், 2017இல் அந்த வீரர்கள் ஜோர்டானுக்கு மாற்றப்பட்டனர்.

அந்த விளக்கம் சட்ட நோக்கில் சரியே. இதுவரை 30-க்கும் மேற்பட்ட நாடுகள் அங்கீகரித்திருந்தாலும், நாடாளுமன்றத் தீர்மானம் எதுவும் இழப்பீட்டையோ நிலத்தையோ தானாகப் பெற்றுத்தராது.

[திரையில்: ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் உள்ள நினைவிடம்]

இப்போது ஆர்மேனியாவின் அரசே தயங்குகிறது. 2020 போரில் அஜர்பைஜானிடம் தோற்று, 2023இல் ஆர்மேனியர்கள் வாழ்ந்துவந்த நாகோர்னோ-கராபாக் பகுதியையும் முழுமையாக இழந்த நிலையில், 1993 முதல் மூடிக் கிடக்கும் துருக்கிய எல்லையைத் திறக்க வேண்டும் என்பதே பிரதமர் பாஷின்யானின் முனைப்பு. உலக அங்கீகாரம் வெளியுறவுக் கொள்கையின் முன்னுரிமை அன்று என்று அவர் 2025இல் கூறினார். அவ்வாண்டு ஏப்ரல் 24 அன்று டிரம்ப் வெளியிட்ட அறிக்கையிலும் இனப்படுகொலை என்ற சொல் இல்லை. ஆனால் வெளியேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்களில் பலர் வாழ்வது லாஸ் ஏஞ்சலிஸ், பாரிஸ், பெய்ரூட் போன்ற வெளிநாட்டு நகரங்களில். யெரெவான் தன் எல்லைக்காகப் பேரம் பேசும்போது தங்கள் பாட்டன், பூட்டன் கதையையும் சேர்த்து விட்டுக்கொடுக்க அதற்கு உரிமையில்லை என்று அவர்களில் பலர் கருதுகின்றனர்.