நம்பிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கிறீர்களா?

[திரையில்: மேசை மேல் ஒரு வெற்றுத் தாள், பக்கத்தில் பென்சில்]

வணக்கம். நோயிலிருந்தோ, பெரிய இழப்பிலிருந்தோ, நீண்ட நாள் மன உளைச்சலிலிருந்தோ மெல்ல மீண்டு வருகிறவரிடம் எல்லோரும் ஒன்று சொல்வார்கள்: "உன் மேல் நம்பிக்கை வை." அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கையை எங்கிருந்து எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. வரைவது, எழுதுவது, தைப்பது, பாடுவது போன்ற வேலைகள் அதற்கு எப்படி வழி செய்கின்றன என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

பலரும் முதலில் முயன்று பார்ப்பது, நல்ல வாக்கியங்களைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. 2009-ல் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 'நான் அன்புக்குரிய ஆள்' என்ற பொருள் வரும் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். தன்மதிப்பு ஏற்கெனவே நன்றாக இருந்தவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. குறைவாக இருந்தவர்களுக்கோ மனநிலை இன்னும் தாழ்ந்தது. வாய் ஒன்று சொல்கிறது, உள்ளிருந்து ஒரு குரல் "எங்கே, காட்டு" என்று கேட்கிறது. காட்ட ஒன்றும் இல்லை என்றால் அந்தக் குரல்தான் ஜெயிக்கும்.

சரி, காட்ட ஏதாவது வேண்டும். அது எங்கிருந்து வரும்?

[திரையில்: நான்கு வட்டங்கள். முதல் வட்டம் மட்டும் பெரிதாகிறது]

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு காரியத்தை நம்மால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு இடங்களிலிருந்து வருகிறது என்றார். நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் நம் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவதுதான்.

மீண்டு வருகிறவருக்கு இங்கேதான் சிக்கல். பழைய வேலைக்குத் திரும்பத் தெம்பு இல்லை. தூக்கமும் பசியும்கூடச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எதைச் செய்து முடிப்பது? ஒரு சின்னப் படம், நான்கு வரி, ஒரு பூத்தையல் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். உட்கார்ந்த இடத்திலேயே தொடங்கி முடித்துவிடலாம். சரியாக வராவிட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. முடிந்த பிறகு, முன்பு இல்லாத ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. உள்ளிருக்கும் குரல் அதை அசிங்கம் என்று சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு இது இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. நோயில் படுத்திருக்கும் காலத்தில் நம் முடிவுகள் எல்லாம் பிறர் கைக்குப் போய்விடுகின்றன. எப்போது மாத்திரை, எப்போது ஓய்வு, யார் வந்து பார்க்கலாம், எல்லாம் வேறொருவர் சொல்லித்தான் நடக்கும். தாளின் முன் உட்கார்ந்தால் நீலமா பச்சையா என்று முடிவு செய்வது நீங்கள். கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதும் உங்கள் முடிவு. பல மாதங்களாக யாரும் உங்கள் விருப்பத்தைக் கேட்காமலே இருந்திருந்தால், இந்தச் சின்ன முடிவு எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும்.

இதில் திறமை ஒரு தடையா? 2016-ல் கிரிஜா கைமலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் 39 பெரியவர்கள் 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பம்போல் எதையாவது செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் உமிழ்நீரில் குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் "எனக்கு வரையத் தெரியாதே" என்று தள்ளிப்போட அது இடம் தரவில்லை.

[திரையில்: கத்தரிக்கோல், வண்ணக் காகிதத் துண்டுகள்]

ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் திரும்பி வருவது கடினம். முன்பு பாடியவருக்கு இப்போது மூச்சு நிற்பதில்லை. வரைந்தவருக்குக் கை நடுங்குகிறது. பழைய தரத்தோடு ஒப்பிட்டு முதல் நாளே எழுந்துவிடுவார்கள். அவர்கள் ஓவியர் ஹென்றி மத்தீஸைப் பார்க்க வேண்டும். 1941-ல் புற்றுநோய்க்குப் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவருக்கு 71 வயது. அதன் பிறகு பெரும்பாலும் படுக்கை, சக்கர நாற்காலி. ஓவியப் பலகை முன் நெடுநேரம் நிற்க முடியவில்லை. உதவியாளர்கள் காகிதத்தில் வண்ணம் பூசித் தந்தார்கள், அவர் கத்தரிக்கோலால் வெட்டி வடிவங்கள் செய்தார். இன்று அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது அந்தக் காகித வேலைகள். பழையது வரவில்லை என்றால் கருவியை மாற்றுங்கள். பாட முடியாவிட்டால் தாளம் போடலாம், பேனா பிடிக்க முடியாவிட்டால் செல்பேசியில் பேசிப் பதியலாம்.

எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தினமும் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், தங்களை வாட்டிய அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே வாட்டமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது அவர்களிடம் குறைந்தது. ஆகவே எழுதிய அன்று மனம் கனத்தால் பயப்பட வேண்டாம். ஆனால் காயம் புதிதாக இருக்கும்போதே தோண்ட வேண்டாம். ஒரே விஷயத்தையே சுற்றிச் சுற்றி எழுதி ஒவ்வொரு நாளும் இன்னும் கீழே போகிறது என்றால் நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் வண்ணத்துக்கோ நூலுக்கோ போங்கள்.

அப்புறம், முதல் சில வாரங்கள் செய்ததை இணையத்தில் போடாதீர்கள். தெரசா அமபிலி 1985-ல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தாளர்களில் ஒரு பிரிவினரைப் புகழ், பணம் போன்ற வெளிக் காரணங்களைப் பற்றிச் சில நிமிடம் யோசிக்கவைத்துவிட்டுக் கவிதை எழுதச் சொன்னார். எழுத்தின் இன்பத்தை நினைத்தவர்களின் கவிதைகளைவிட அவை படைப்பாற்றலில் குறைவாக மதிப்பிடப்பட்டன. எழுத்தில் ஏற்கெனவே ஈடுபாடு கொண்டவர்களையும் சில நிமிடம் இப்படி மாற்றும் என்றால், இப்போதுதான் எழுந்து உட்காரும் ஒருவரை லைக் எண்ணிக்கை என்ன செய்யும்? பின்பக்கம் தேதி போட்டு ஒரு உறையில் வையுங்கள், போதும்.

இது மருந்துக்கோ மனநல ஆலோசனைக்கோ மாற்று இல்லை. உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இந்த வீடியோவை நிறுத்திவிட்டு, இப்போதே மருத்துவரிடமோ நெருங்கிய ஒருவரிடமோ பேசுங்கள்.

[திரையில்: இருவர் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள்]

கடைசியாக, பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் ஒன்றைச் செய்து காட்டினால் "சூப்பர்" என்று முடித்துவிடாதீர்கள், திருத்தவும் வேண்டாம். "இந்த நிறத்தை ஏன் எடுத்தாய்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை கூடவே உட்காருங்கள்.