முகப்பும் முதுகும்: பாத் நகரில் ஒரு பிற்பகல் நடை

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் இருக்கும் பாத் நகரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் சிலர் லண்டன் போனபோது ஒருநாள் பயணமாக அங்கேயும் போய்வந்திருப்பீர்கள். ரோமானியர் கட்டிய குளத்தைப் பார்த்து, பிறை வடிவக் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்து, பொழுது சாய்வதற்குள் திரும்பியிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் நீங்கள் பார்த்தது அந்த ஊரின் முகப்பை மட்டும்தான். முதுகைப் பார்க்க வேண்டுமென்றால், விவரம் தெரிந்த ஓர் உள்ளூர்க்காரர் பின்னால் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும்.

அதற்கு அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ‘மேயரின் கௌரவ வழிகாட்டிகள்’ என்று ஒரு குழு. 1930களில் தொடங்கியது. எல்லோரும் தன்னார்வலர்கள். தேவாலயத்துக்கு எதிரே, ஊற்றுநீர் குடிக்கக் கிடைக்கும் பம்ப் ரூம் என்ற மண்டபத்தின் வாசலில் போய் நின்றால் போதும். யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. கடைசியில் நன்றியோடு ஏதாவது கொடுக்கப் போனாலும் வாங்கமாட்டார்கள். காலையிலும் நடை உண்டு, ஆனால் நான் பிற்பகல் கட்சி. அந்த ஊர் முழுக்கத் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். மேற்கு வெயில் பட்டால்தான் அதன் நிறம் வெளியே வரும்.

முதலில் தண்ணீர். அதில்லாமல் அங்கே ஊரே இல்லை. மெண்டிப் குன்றுகளில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை இடுக்குகள் வழியாகக் கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்கி, பூமியின் சூட்டில் சூடேறி, வெடிப்புகள் வழியே மேலே வருகிறது. ஊற்றுக்கண்ணில் சுமார் 46 டிகிரி செல்சியஸ். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். மூன்று இடங்களில் ஊற்று உண்டு. பெரியது ரோமானியக் குளத்துக்குப் பக்கத்தில். அங்கே சூலிஸ் என்று ஓர் உள்ளூர்த் தெய்வம் இருந்தது. ரோமானியர் வந்தார்கள், தங்கள் மினர்வாவை அதோடு சேர்த்து, சூலிஸ் மினர்வா என்று கோயில் கட்டிவிட்டார்கள்.

இந்த இலவச நடை ரோமானியக் குளம் இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் போகாது, அதற்குத் தனிச் சீட்டு. ஆனாலும் வாசலில் நின்றபடியே வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. ஊற்றுக்குள்ளிருந்து சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்தன. எல்லாம் சாபங்கள். குளிக்க வந்த இடத்தில் மேலங்கியைத் திருடுகொடுத்தவர்கள், மோதிரத்தைத் தொலைத்தவர்கள் ஈயத்தில் கீறி, சுருட்டி, தண்ணீரில் போட்டு, அம்மனிடம் முறையிட்டிருக்கிறார்கள். டோசிமெடிஸ் என்று ஒருவர். அவருடைய கையுறை இரண்டு காணாமல் போயிற்று. எடுத்தவனுக்கு இந்தக் கோயிலிலேயே புத்தி பேதலிக்க வேண்டும், கண் போக வேண்டும் என்று எழுதிப் போட்டுவிட்டார். கையுறைக்கு! ரோமப் பேரரசின் பெருமையையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். குளியலறைத் திருட்டு அங்கேயும் உண்டு என்று தெரிந்ததும்தான் எனக்கு அந்த மனிதர்கள் நெருக்கமானார்கள்.

தேவாலயத்தின் மேற்கு முகப்பில் கல் ஏணிகளில் தேவதைகள் ஏறி இறங்குவார்கள். 1499இல் ஆலிவர் கிங் என்ற பிஷப் கண்ட கனவு என்று சொல்வது வழக்கம். இங்கிலாந்து அரசர் எட்கர் 973இல் முடிசூட்டிக்கொண்டதும் இதே இடத்தில் முன்பு இருந்த தேவாலயத்தில்தான். உள்ளே போனால் சுவரெல்லாம் நினைவுக் கற்கள், அறுநூறுக்கு மேல். இந்த வெந்நீரில் நோய் குணமாக வந்தவர்களில் இத்தனை பேர் இங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். ‘தூசியை அடக்க நல்ல தண்ணீர்’ என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் கேலியாக ஈரடி எழுதி வைத்தார். எழுதியவர் ஒரு மருத்துவர் என்பார்கள்.

அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டு. ஆன் அரசி 1702இலும் 1703இலும் வந்து போன பிறகு, பணக்காரர் கூட்டம் படையெடுத்தது. இன்றைய பாத் மூன்று பேரால் உருவானது. சூதாட்டத்தில் கெட்டிக்காரரான ரிச்சர்ட் நாஷ் ஊரின் பொழுதுபோக்குக்குத் தலைவரானார். வாளோடு திரியக் கூடாது, நடன அரங்குக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரக் கூடாது, இரவு பதினொன்றுக்கு ஆட்டம் முடிந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டார். இன்னும் ஒரே ஓர் ஆட்டம் என்று கேட்ட இளவரசி அமேலியாவுக்கும் அவர் மசியவில்லை. இரண்டாமவர் ரால்ஃப் ஆலன், அஞ்சல் துறையில் சம்பாதித்த பணத்தில் கூம் டவுன் கல் சுரங்கங்களை வாங்கியவர். மூன்றாமவர் கட்டடக் கலைஞர் ஜான் வுட். ஒருவர் ஆளைக் கூட்டிவந்தார், ஒருவர் கல் கொடுத்தார், ஒருவர் கட்டினார்.

இந்த மூன்று பேரும் சேர்ந்து கைகொடுத்த ஓர் இடம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காத இடம். அப்பர் பரோ வால்ஸ் தெருவில் இருக்கும் பழைய மருத்துவமனை. நாஷ் நன்கொடை திரட்டினார், ஆலன் கல் கொடுத்தார், வுட் கூலி வாங்காமல் வரைபடம் போட்டார். 1742இல் திறந்தது. கைகால் முடங்கிய ஏழைகள் வெந்நீர்ச் சிகிச்சை பெறுவதற்காகக் கட்டியது. ஒரு நிபந்தனை: உள்ளூர் ஏழைகளுக்கு அனுமதி இல்லை. அவர்கள் எப்படியும் ஊற்றில் குளிக்கலாமே என்பது வாதம். வெளியூரிலிருந்து வருபவர் முன்பணம் கட்ட வேண்டும். எதற்கு? குணமானால் திரும்பிப் போகும் வழிச் செலவு. இறந்துபோனால் அடக்கச் செலவு. நோயாளிகள் பித்தளை வில்லை ஒன்றை அணிந்துகொள்ள வேண்டும். அதைப் பார்த்தால் எந்தச் சாராயக் கடைக்காரரும் அவர்களுக்கு ஊற்றக் கூடாது.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் பழைய நகர மதிலின் துண்டு ஒன்று நிற்கிறது. அதில் ஒரு கல்வெட்டு. மருத்துவமனையில் இறந்தவர்களைப் புதைக்க 1736இல் ஒதுக்கிய நிலம் இது, 238 உடல்களை ஏற்றுக்கொண்ட பிறகு, உயிரோடிருப்பவர்களின் நலன் கருதி 1849இல் மூடப்பட்டது என்று எழுதியிருக்கிறது. ஊரின் மற்ற விளம்பரப் பலகைகள் எல்லாவற்றையும்விட எனக்கு இந்த ஒன்றுதான் பிடித்தது. ஒப்பனை இல்லாத வாக்கியம்.

அந்தத் தண்ணீரில் உண்மையிலேயே குணம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். பலவற்றுக்கு இல்லை. ஆனால் ஈய நஞ்சால் கை விழுந்துபோனவர்களுக்கு ஓரளவு கிடைத்திருக்கிறது. வர்ணம் பூசுபவர்கள், குழாய் வேலை செய்பவர்கள், ஈயம் கலந்த ஆப்பிள் மது குடித்தவர்கள் அங்கே நிறைய வந்தார்கள். கழுத்து மட்டம் வரை தண்ணீரில் நெடுநேரம் இருந்தால் சிறுநீரகம் அதிகமாக வேலை செய்து ஈயத்தை வெளியே தள்ளுகிறது என்பது பின்னாளில் வந்த விளக்கம். அதற்கு வெந்நீர் வேண்டும், நேரம் வேண்டும். தெய்வமோ தாது உப்போ அவ்வளவு முக்கியமில்லை.

சரி, மேலே நடப்போம். குவீன் ஸ்கொயர் தாண்டி, கே தெரு ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறினால், சர்க்கஸ். வட்டமாக நிற்கும் வீட்டு வரிசை. 1754இல் வேலை தொடங்கிய சில மாதங்களிலேயே ஜான் வுட் இறந்துபோனார். அதே பெயர் கொண்ட மகன் முடித்தார். கீழ்த்தளத்தில் டோரிக், நடுவில் அயோனிக், மேலே கொரிந்தியன் என்று மூன்று பழங்காலப் பாணிகளில் மூன்று அடுக்குத் தூண்கள். கைப்பிடிச் சுவரின் மேலே பெரிய பெரிய ஓக் கொட்டைகள். ஏன் தெரியுமா? பிளாடுட் என்ற இளவரசனுக்குக் குஷ்டம் வந்து, நாட்டை விட்டுப் போய்ப் பன்றி மேய்த்தானாம். பன்றிகள் இந்த வெந்நீர்ச் சேற்றில் புரண்டு புண் ஆறியதைப் பார்த்துத் தானும் இறங்கிக் குணமானானாம். ஓக் கொட்டை அந்தப் பன்றிகளின் தீனி. நம்மூர்த் தல புராணங்களில் பசு பால் சொரிந்த இடம் வருமே, அந்த வரிசையில் வைக்க வேண்டிய கதை. ஆனால் வுட் இதை வரலாறாகவே நம்பினார்.

சர்க்கஸில் நமக்குத் தெரிந்த ஒருவரின் வீடும் இருக்கிறது. 1744இல் சென்னைக் கோட்டையில் எழுத்தராக வந்து இறங்கி, 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ். வயிற்று நோய்க்கு இந்தத் தண்ணீரை நாடி வந்தார். சுவரில் பெயர்ப் பலகை இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று பலகை சொல்லாது. லேன்ஸ்டவுன் குன்றில் கோபுரம் கட்டிய வில்லியம் பெக்ஃபோர்டின் செல்வம், ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. இன்றைய வழிகாட்டிகள் பலர் இதை மழுப்பாமல் சொல்கிறார்கள். நாமும் ஆற்காடு என்ற பெயரைச் சொன்னால், குழுவில் அதைக் கேள்விப்பட்டவர் நாம் ஒருவராகத்தான் இருப்போம்.

சர்க்கஸிலிருந்து பெரும்பாலோர் பிராக் தெரு வழியாக நேரே ராயல் கிரெசென்ட் என்ற அந்தப் பிறை வடிவக் கட்டடத்துக்குப் போவார்கள். முடிந்தால் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கிராவல் வாக் பாதையில் போங்கள். சர்க்கஸின் முதுகு அங்கே தெரியும். ஒரு வீடு முன்னே தள்ளி நிற்கும், ஒன்று உள்ளே போயிருக்கும். ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சுவரோடு குழாய்கள் ஓடும். முன்பக்கம் அளந்து நிறுத்திய அணிவகுப்பு. பின்பக்கம் அவரவர் வசதி.

ராயல் கிரெசென்டின் கதை இன்னும் வெளிப்படை. 1767 முதல் 1775க்குள் எழுந்தது. 30 வீடுகள், 114 தூண்கள். இளைய வுட் வடிவமைத்தது முகப்பை மட்டும்தான். இத்தனை அடி முகப்பு என்று வாங்கியவர், பின்னால் தன் ஆளை வைத்துத் தன் இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கொண்டார். பலர் அதில் குடியிருக்கவும் இல்லை. பருவத்துக்கு வரும் சீமான்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். எதிரே புல்வெளியில் ஒரு மறைவுப் பள்ளம் உண்டு. மேலே நிற்பவர் கண்ணுக்குப் புல்வெளி தொடர்ச்சியாகத் தெரியும், ஆடு மாடு மட்டும் ஏறி வராது. 1970களில் ஒரு வீட்டம்மா தன் கதவுக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார். மற்றவர்களின் கதவுகள் வெள்ளை. நகராட்சி எதிர்த்தது, வழக்காடினார், ஜெயித்தார். கதவு இன்னும் மஞ்சள். முகப்பு என்பது அந்த ஊரில் எவ்வளவு பெரிய விவகாரம் பாருங்கள்.

1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. நானூறுக்கு மேல் இறந்தார்கள். நடன அரங்குகள் இருந்த அசெம்பிளி ரூம்ஸ் எரிந்து கூடாகிவிட்டது. போர் தொடங்கியதுமே கழற்றிப் பத்திரப்படுத்திய சரவிளக்குகள் தப்பின. 1963இல் மறுபடி கட்டித் திறந்த மண்டபத்தில் அவையே மீண்டும் தொங்கின. குண்டு தப்பவிட்டதில் கொஞ்சத்தை 1960களில் நகரத் திட்டக்காரர்கள் இடித்தார்கள். பெரிய மாளிகைகளை அவர்கள் தொடவில்லை. கைவினைஞர்கள் வாழ்ந்த சிறு வீட்டு வரிசைகளைத்தான் தரைமட்டமாக்கினார்கள். 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தபோது அந்தத் தெருக்கள் பல இல்லை.

நடை வழக்கமாக புல்ட்னி பாலத்தின் பக்கம் வந்து முடியும். ராபர்ட் ஆடம் வரைந்தது, 1774. இரு புறமும் கடைகள் உள்ள பாலம். மேலே நடந்தால் ஆறு இருப்பதே தெரியாது. தெற்குப் பக்கம்தான் அஞ்சலட்டைகளில் வருவது. வடக்குப் பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை. கடைக்காரர்கள் காலப்போக்கில் தள்ளிக் கட்டிய அறைகள், ஒழுங்கில்லாத ஜன்னல்கள். வழிகாட்டியிடம் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக அழைத்துப்போய்க் காட்டுவார்.

குளிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: ரோமானியக் குளத்தில் முடியாது. கூரை இல்லாததால் வெயில் பட்டுப் பாசி வளர்ந்துதான் தண்ணீருக்கு அந்தப் பச்சை நிறம். 1978இல், அந்த ஊற்றுநீர் நிரப்பிய குளத்தில் நீந்திய ஒரு சிறுமி மூளையைத் தாக்கும் அமீபா தொற்றில் இறந்தாள். அதோடு பொதுக் குளியலை நிறுத்திவிட்டார்கள். புதிய ஆழ்துளைக் குழாய் போட்டு, தெர்மே பாத் ஸ்பா 2006இல் திறந்த பிறகுதான் ஊற்றுநீரில் மறுபடி குளிக்க முடிந்தது. குடிப்பதானால் பம்ப் ரூமில் ஒரு கிளாஸ் கிடைக்கும். வெதுவெதுப்பாக, துருப்பிடித்த வாசனையோடு இருக்கும். ஒரு மடக்குக்கு மேல் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மேட்டில் ஏறி இறங்கும் ஊர், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், குடையும் வேண்டும். பிற்பகல் நடைக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே போய் நின்றால் வழிகாட்டியோடு தனியாகப் பேசலாம். மருத்துவமனைக் கல்வெட்டையும் கிராவல் வாக்கையும் பார்க்க வேண்டும் என்று அப்போதே சொல்லி வையுங்கள்.